கணித மேதை இராமானுஜனும் ஒரு பேரெண்ணும்

தாயகத்தை விட்டு நெடுந்தொலைவு வந்து, வேற்று மொழி வழங்கும் ஊர்களில் குடியமர்ந்து வாழும் நம் குடும்பங்களில், ஸ்ரீநிவாச இராமானுஜனின் பெயரைக் கேளாத குழந்தை இராது. அப்பெயரோடு 1729 என்னும் எண்ணையும் சேர்த்தே நாம் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறோம். லண்டனின் புட்னிப் பகுதியில் நோயுற்றுப் படுத்திருந்த அவரைக் காணச் சென்ற பேராசிரியர் ஹார்டி, தாம் ஏறி வந்த வாடகை மோட்டாரின் எண்ணில் சுவை ஒன்றும் இல்லை என்று கூறினார். இரண்டு கன எண்களின் கூட்டுத் தொகையாக இரு வேறு வகையில் எழுதக்கூடிய எண்களுள் மிகச் சிறியது அதுவே என்று இராமானுஜன் உடனே விடையிறுத்தார். பன்னிரண்டின் கனமும் ஒன்றின் கனமும் சேர்ந்து 1729 ஆகும். பத்தின் கனமும் ஒன்பதின் கனமும் சேர்ந்தாலும் அதே எண்தான்.

இவ்வரலாறு இனியது. எனினும் அப்பெருமகனாரின் வாழ்க்கையை ஓர் எண்ணால் விளக்குக என்று யாரேனும் கேட்பாராயின், நாம் 1729-ஐக் காட்டமாட்டோம்; பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட வேறோர் எண்ணையே காட்டுவோம். அது 39,72,99,90,29,388 என்பதாகும். சொல்லால் கூறின், மூன்று லட்சத்துத் தொண்ணூற்றேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது கோடியே தொண்ணூறு லட்சத்து இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று எண்பத்தெட்டு. தேர்வில் தோற்றவர் என்று கல்லூரிகள் கைவிட்ட ஓர் இளைஞரின் உள்ளொளி மெய்யானதே என்பதற்கு இந்த எண் சாட்சி சொல்லிற்று. அந்த வரலாற்றை இம்மலரில் எடுத்துரைக்க விழைகிறோம்.

எண்ணின் பாகப்பிரிவினை

பாகப்பிரிவினை என்னும் சொல் நம் குடும்பங்களுக்குப் புதியதன்று. எண்களுக்கும் அத்தகைய பிரிவினை உண்டு. நான்கு புளியங்கொட்டைகளை எடுத்துக் கொள்வோம். அவற்றை ஒரே குவியலாக வைக்கலாம். மூன்றும் ஒன்றுமாக வைக்கலாம். இரண்டும் இரண்டுமாக வைக்கலாம். இரண்டு, ஒன்று, ஒன்று எனவும் வைக்கலாம். நான்கையும் தனித்தனியே வைக்கலாம். குவியல்களை இடம் மாற்றி வைப்பது புதிய வகையாகாது. ஆகவே நான்கின் பிரிவினைகள் மொத்தம் 5. இவ்வாறே ஐந்திற்கு 7, ஆறிற்கு 11, பத்துக்கு 42 பிரிவினைகள் உள்ளன.

இதுவரை குழந்தைகளும் எளிதில் எண்ணிவிடுவர். இதற்குமேல் தொகை வளரும் வேகம் திகைப்பூட்டுவதாகும். இருபதுக்கு 627, ஐம்பதுக்கு 2,04,226, நூறுக்கு 19,05,69,292. இருநூறு கொட்டைகளை எத்தனை வகையாகக் குவிக்கலாம் என்று கேட்டால், அதன் விடையே நாம் மேலே குறித்த பேரெண். நொடிக்கு ஒரு வகையாக, இரவும் பகலும் ஓயாது குவித்துக் கலைத்தாலும், எல்லாவற்றையும் செய்து முடிக்க ஒரு லட்சத்து இருபத்தையாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் என்னும் கணிதப் பேரறிஞர் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டார். முந்தைய எண்களின் விடைகளைக் கூட்டியும் கழித்தும் அடுத்த எண்ணின் விடையைப் பெறும் முறை அது. சான்றாக, ஒன்பதின் விடையாகிய 30-ஐயும் எட்டின் விடையாகிய 22-ஐயும் கூட்டி, அத்தொகையிலிருந்து ஐந்தின் விடையாகிய 7-ஐயும் மூன்றின் விடையாகிய 3-ஐயும் கழித்தால், பத்தின் விடையாகிய 42 கிடைக்கும். ஆயினும் இம்முறையில் இருநூறாம் படியை அடைய விரும்புவோர் அதற்கு முன்னுள்ள ஒவ்வொரு படியையும் ஏறியே தீரவேண்டும். நேரே இருநூறை எட்டும் வழி நெடுங்காலம் எவருக்கும் புலப்படவில்லை. அதைக் கண்டவர்களுள் ஒருவர் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர்.

கும்பகோணத்துச் சிறுவர்

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள், தாய்வழிப் பாட்டனாரின் ஊராகிய ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னிதித் தெருவில். தந்தையார் ஸ்ரீநிவாச அய்யங்கார் ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கெழுதி வந்தவர். அன்னையார் கோமளத்தம்மாள், நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் ஆழ்ந்த பக்தி கொண்டவர். குடும்பத்தில் பக்திக்குக் குறைவில்லை, பணத்திற்கே குறைவு.

நகர உயர்நிலைப் பள்ளியில் பயிலும்போது, 1903-ஆம் ஆண்டில், கார் என்பவர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்குக் கிட்டியது. ஆயிரக்கணக்கான தேற்றங்களை, விளக்கம் மிகுதியின்றி, வரிசையாக அடுக்கிய நூல் அது. தேர்வுக்குப் படிப்போருக்கென எழுதப்பட்ட அந்நூலை இராமானுஜன் தமக்கு விடுக்கப்பட்ட அறைகூவலாக ஏற்றார். ஒவ்வொரு தேற்றத்தையும் தாமே நிறுவினார். நூலில் இல்லாதவற்றையும் கண்டார். முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதி, வழியைச் சிலேட்டில் போட்டு அழித்துவிடும் வழக்கம் அவரிடம் நிலைத்தது. தாள் விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள். சிலேட்டு அழிக்க அழிக்கப் பயன்படுவது. இவ்வழக்கமே பின்னாளில், இவருடைய முடிவுகளுக்கு நிரூபணம் எங்கே என்று உலகம் கேட்கக் காரணமாயிற்று.

கணிதத்தில் மூழ்கியவருக்கு மற்றப் பாடங்களில் மனம் செல்லவில்லை. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் பெற்ற உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப். ஏ. தேர்வில் வெற்றி பெறவில்லை. 1909-இல் ஜானகி அம்மாளை மணந்தபின் வேலை தேட வேண்டியதாயிற்று. குறிப்பேடுகளைக் கையில் ஏந்தி வீடு வீடாகச் சென்றார். இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய இராமசுவாமி அய்யர் அவரது மேன்மையை உணர்ந்தார். நெல்லூர்க் கலெக்டராக இருந்த இராமச்சந்திர ராவ் சில காலம் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1912 மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண அய்யரும் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருக்குத் துணை நின்றனர்.

கடிதத்தில் இருந்த பிழை

1913 ஜனவரி 16-ஆம் நாளிட்டு, கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரியைச் சேர்ந்த ஹார்டிக்கு இராமானுஜன் ஒரு கடிதம் எழுதினார். நிரூபணமின்றி அடுக்கப்பட்ட முடிவுகள் பல அதில் இருந்தன. ஹார்டியும் அவர் நண்பர் லிட்டில்வுட்டும் அவற்றை ஆராய்ந்து, எழுதியவர் முதல்தரமான மேதை என்று முடிவு செய்தனர்.

அக்கடிதத்தில் எல்லாம் சரியாக இருந்தனவா? இல்லை. அதில் ஒரு முடிவை நாம் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். முடிவிலாத் தொடர் ஒன்றைக் கொண்டு ஒன்றை வகுக்கும்போது வரும் கெழுக்கள், தாம் தரும் ஒரு சூத்திரத்தின் மதிப்புக்கு மிக அருகில் உள்ள முழு எண்களே ஆகும் என்று இராமானுஜன் எழுதியிருந்தார். அது முற்றும் சரியன்று. மிக நல்ல தோராயமாக மட்டுமே அமைந்தது. ஆயினும் அவர் எழுதியவற்றுள் இதைப்போல் பயன் விளைத்த முடிவுகள் மிகச் சிலவே என்று ஹார்டி பிற்காலத்தில் மதிப்பிட்டார். ஏனெனில், பிரிவினைகளைப் பற்றி இருவரும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி முழுவதும் அந்த விதையிலிருந்து முளைத்ததே. முழு எண்களை எண்ணும் ஒரு வினாவுக்கு, பையும் வர்க்கமூலமும் கலந்த ஒரு சூத்திரம் மிக அருகில் விடை தரும் என்னும் துணிவே அவ்விதையாகும்.

ஹார்டி நிரூபணம் கேட்டு விடை எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகம் 1913-இல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கிற்று. கடல் கடப்பது ஆசாரத்திற்கு ஒவ்வாது என்ற தடை இருந்தது. அன்னையாரின் இசைவும் கிடைத்தபின், 1914 மார்ச் 17-ஆம் நாள் இராமானுஜன் சென்னையிலிருந்து கப்பலேறினார்.

இருவர் கூட்டு

அவர் இங்கிலாந்தை அடைந்த சில மாதங்களில் முதல் உலகப் போர் மூண்டது. காய்கறி கிடைப்பது அருமையாயிற்று. சைவ உணவு தவிர வேறொன்றும் உட்கொள்ளாத இராமானுஜன் தம் அறையிலேயே தாமே சமைத்துண்டார். குளிரும் தனிமையும் அவர் உடலை மெல்ல அரித்தன. உள்ளமோ ஓயவில்லை. 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருடைய ஆராய்ச்சிக்காகப் பட்டம் வழங்கிற்று. நம் நாட்டுக் கல்லூரிகளில் கிட்டாத பட்டம் அது.

அக்காலத்தில்தான் ஹார்டியும் அவரும் பிரிவினைச் சிக்கலை எடுத்துக் கொண்டனர். இருவரின் இயல்பும் வேறு வேறு. இராமானுஜனுக்கு முடிவு முதலில் தோன்றும்; வழி பின்னர் வரும். ஹார்டிக்கு நிரூபணம் இல்லாத முடிவு கணிதமே ஆகாது. ஒருவர் இறைநம்பிக்கையில் ஊறியவர். மற்றவர் அந்நம்பிக்கை இல்லாதவர். ஆயினும் ஒருவர் குறையை மற்றவர் நிறைவு செய்தார்.

முதலில் அவர்கள் ஒரு சுருக்கமான சூத்திரத்தைப் பெற்றனர். இருநூறுக்கு அது ஏறத்தாழ நான்கு லட்சத்துப் பத்தாயிரம் கோடி என்று விடை தரும். உண்மை விடையிலிருந்து நூற்றுக்கு மூன்று பங்கு அளவே மிகை. பெரும்பாலோர் இதனோடு மனநிறைவு கொண்டிருப்பர். இராமானுஜன் அதனோடு நிற்கவில்லை. எண் எவ்வளவு பெரிதாயினும் பிழை ஓர் எல்லைக்குள் அடங்கும் சூத்திரம் உண்டு என்று அவர் தொடக்கத்திலிருந்தே உறுதியாகச் சொல்லி வந்தார் என்பதை லிட்டில்வுட் பிற்காலத்தில் பதிவு செய்துள்ளார்.

அச்சூத்திரத்தைப் பெற அவர்கள் வகுத்த முறை இன்றளவும் வட்ட முறை எனப்படுகிறது. பிரிவினை எண்கள் அனைத்தையும் தன்னுள் அடக்கிய ஒரு சார்பு உண்டு. ஒரு வட்டத்தின் உள்ளே அது அமைதியாக இருக்கும்; வட்டத்தின் விளிம்பை நெருங்கும்போது கட்டுக்கடங்காது பெருகும். விளிம்பில் எல்லா இடத்திலும் அப்பெருக்கு ஒரே அளவினதன்று. ஓரிடத்தில் மிகப் பெரிது. அதற்கு நேரெதிரே அடுத்த பெரிது. பின் மூன்றாகவும் நான்காகவும் வட்டத்தைப் பகுக்கும் இடங்களில் மேலும் சிறிது. அவ்விடங்கள் ஒவ்வொரு வகைக்கும் சூத்திரத்தில் ஓர் உறுப்பு என்று கணக்கிட்டு, அவற்றைக் கூட்டினால் விடை கிடைக்கும் என்பதே அம்முறையின் சாரம்.

மேஜரின் பட்டியல்

சூத்திரம் கிடைத்தது. அது மெய்யா என்று சோதிப்பது எங்ஙனம்? இங்கே மூன்றாம் ஒருவர் வருகிறார். அவர் மேஜர் மக்மஹோன். பீரங்கிப் படையில் பணியாற்றியவர். இளமையில் இந்தியாவிலும் பணி புரிந்தவர். எண்ணிக்கைக் கணிதத்தில் வல்லுநர். அவர் எந்தப் புதிய சூத்திரத்தையும் நாடாமல், படிப்படியாகக் கூட்டியும் கழித்தும் ஒன்று முதல் இருநூறு வரை எல்லா எண்களுக்கும் பிரிவினைத் தொகையைக் கையாலேயே கணக்கிட்டார். ஒரு படியில் பிழை நேர்ந்தால் அதன்மேல் எழுந்த படிகளும் பழுதாகும் என்பதை எண்ணினால், அவருடைய பொறுமை வியப்புக்குரியது.

முதலில் நூறில் சோதனை நடந்தது. ஆறு உறுப்புகளைக் கூட்டியபோது 19,05,69,291.996 வந்தது. மேஜரின் விடை 19,05,69,292. பின்னர் இருநூறு. சூத்திரத்தின் எட்டு உறுப்புகளையும் கீழே தருகிறோம். கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் தாமே கூட்டிப் பார்க்கலாம்.

முதல் உறுப்பு: 39,72,99,89,93,185.896
இரண்டாம் உறுப்பு: கூட்டல் 36,282.978
மூன்றாம் உறுப்பு: கழித்தல் 87.555
நான்காம் உறுப்பு: கூட்டல் 5.147
ஐந்தாம் உறுப்பு: கூட்டல் 1.424
ஆறாம் உறுப்பு: கூட்டல் 0.071
ஏழாம் உறுப்பு: 0.000
எட்டாம் உறுப்பு: கூட்டல் 0.043

மொத்தம் 39,72,99,90,29,388.004. மேஜர் மக்மஹோன் படிப்படியாக ஏறிக் கண்ட எண் 39,72,99,90,29,388. ஏறத்தாழ நான்கு லட்சம் கோடி என்னும் பெருந்தொகையில், ஆயிரத்தில் நான்கு பங்கே வேறுபாடு! பிரிவினைத் தொகை முழு எண்ணாகத்தான் இருக்க முடியும். எனவே அருகிலுள்ள முழு எண்ணைக் கொண்டால் பிழையே இல்லை. புளியங்கொட்டைகளை எண்ணும் வேலைக்கும் வட்டத்தின் சுற்றளவைக் கூறும் பைக்கும் என்ன உறவு என்று நகைத்திருக்கக் கூடியவர்களும் இதன்முன் வாய்மூட வேண்டியதே. இவ்வாராய்ச்சி 1918-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் முழுமையாக வந்தது. மேஜரின் பட்டியலும் அதில் இணைக்கப்பெற்றது.

பட்டியலில் கண்ட புதையல்

மற்றவர்கள் அப்பட்டியலைச் சரிபார்க்கும் கருவியாகக் கண்டனர். இராமானுஜன் அதனுள் வேறொன்றைக் கண்டார். நான்கின் விடை 5; ஒன்பதின் விடை 30; பதினான்கின் விடை 135; பத்தொன்பதின் விடை 490; இருபத்து நான்கின் விடை 1575. நான்கில் தொடங்கி ஐந்தைந்தாகச் சென்றால் வரும் தொகைகள் யாவும் ஐந்தால் வகுபடும். இவ்வாறே ஐந்தில் தொடங்கி ஏழேழாகச் சென்றால் 7, 77, 490 என ஏழால் வகுபடும் தொகைகளே வரும். ஆறில் தொடங்கிப் பதினொன்று பதினொன்றாகச் சென்றால் 11, 297, 3718 எனப் பதினொன்றால் வகுபடுவனவே வரும். கூட்டலால் மட்டுமே பிறந்த எண்களுள் வகுத்தலின் ஒழுங்கு மறைந்து கிடக்கும் என்று அதற்கு முன் எவரும் எண்ணிப் பார்த்திலர்.

நோயும் மறைவும்

இவ்வெற்றிகள் கைகூடிய காலத்திலேயே அவர் உடல் தளர்ந்தது. 1917 முதல் மருத்துவ இல்லங்களிலேயே பெரும்பொழுது கழிந்தது. காசநோய் என்று கருதி மருத்துவம் செய்தனர். கல்லீரலைத் தாக்கிய அமீபாத் தொற்றாக இருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர் ஒருவரின் கருத்து. 1918-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தது. அதே ஆண்டில் டிரினிட்டிக் கல்லூரியும் அவரை ஃபெல்லோவாக ஏற்றது. புகழ் வந்தது, உடல்நலம் வரவில்லை.

1919 மார்ச்சில் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கித் தாயகம் மீண்டார். கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் தங்கிப் பார்த்தார். பின் சென்னைச் சேத்துப்பட்டில் 1920 ஏப்ரல் 26-ஆம் நாள், முப்பத்திரண்டு வயதிலேயே உயிர் நீத்தார். படுக்கையில் இருந்தபடியே கடைசி நாட்கள் வரை கணக்குப் போட்டார் என்பதை ஜானகி அம்மாள் பின்னாளில் தெரிவித்தார். அவ்வம்மையார் சில ஆண்டுகள் பம்பாயில் தம் சகோதரர் இல்லத்தில் தங்கித் தையல் கற்றார். பின் திருவல்லிக்கேணியில் தையல் தொழிலால் வாழ்ந்து, 1994-இல் மறைந்தார். மேதையின் புகழைப் பேசும் நாம் அந்த அம்மையாரின் உறுதியையும் நினைத்தல் வேண்டும்.

விதை மரமான வரலாறு

இராமானுஜன் மறைந்த பின்னும் பிரிவினை வளர்ந்தது. பஞ்சாபில் ஹன்ஸ்ராஜ் குப்தா பட்டியலை முந்நூறு வரையும், பின்னர் அதற்கு அப்பாலும் நீட்டினார். அதைக் கொண்டு சர்வதமன் சாவ்லா 1934-இல் ஓர் உண்மையைக் காட்டினார். ஏழின் அடுக்குகளைப் பற்றி இராமானுஜன் ஊகித்த விதி 243 என்னும் எண்ணில் பொய்த்தது. வாட்சன் 1938-இல் அவ்விதியைத் திருத்தி நிறுவினார். பதினொன்றின் அடுக்குகளைப் பற்றிய ஊகத்தை அட்கின் 1967-இல் நிறுவினார். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஆவ்லக், கோத்தாரி ஆகிய இருவரும் 1946-இல் பிரிவினைகளைப் பௌதிகத்தோடு இணைத்து ஆராய்ந்தனர். பம்பாய் டாடா ஆதார ஆராய்ச்சி நிலையம் இராமானுஜனின் குறிப்பேடுகளை அவர் கையெழுத்திலேயே 1957-இல் வெளியிட்டது. கும்பகோணத்தில் தொடங்கிய ஒரு செயல் பாரதம் முழுவதற்கும் பொதுச்சொத்தாயிற்று.

ஹார்டியும் இராமானுஜனும் தந்த தொடரின் உறுப்புகளை முடிவின்றிக் கூட்டிக்கொண்டே போகவியலாது; ஓரிடத்தில் நிறுத்தவேண்டும். 1937-இல் ராடமாக்கர், அதில் ஒரு சிறு மாற்றம் செய்து, முடிவின்றிக் கூட்டினாலும் சரியான விடையையே தரும் தொடரைக் கண்டார். ஸெல்பர்க் என்னும் நார்வே நாட்டுப் பேரறிஞரும் அதைத் தனியே கண்டிருந்தார். 1988-இல் பம்பாயில் பேசிய ஸெல்பர்க் ஒன்றைச் சுட்டிக் காட்டினார். இராமானுஜனின் முதல் கடிதத்தில் இருந்த அந்தத் தவறான முடிவின் வடிவத்தையே பின்பற்றிச் சென்றிருந்தால், முழுமையான சூத்திரம் அப்பொழுதே கிட்டியிருக்கும் என்பது அவர் கருத்து. பிழை என்று ஒதுக்கப்பட்டதன் உள்ளேயும் உண்மையின் வடிவம் இருந்தது!

நாம் கொள்ளத்தக்கது

இந்தப் பதின்மூன்று இலக்க எண்ணில் மூவரின் பண்புகள் கூடியிருக்கின்றன. இராமானுஜனின் உள்ளொளி, ஹார்டியின் நிரூபண நெறி, மக்மஹோனின் சலியாத உழைப்பு. இவற்றுள் ஒன்று குறைந்திருந்தாலும் அவ்வெண் வெறும் எண்ணாகவே நின்றிருக்கும். மதிப்பெண் குறைந்த பிள்ளையை மட்டந்தட்டும் பெற்றோர், கல்லூரி கைவிட்ட ஒருவருக்காக ஒரு கலெக்டரும் ஒரு கணக்கரும் ஓர் அயல்நாட்டுப் பேராசிரியரும் கதவு திறந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். தமக்கு எல்லாம் எளிதில் தோன்றுகிறது என்று இறுமாக்கும் பிள்ளைகளோ, இராமானுஜனும் நிரூபணத்தின் அருமையை ஹார்டியிடம் கற்றார் என்பதை அறிய வேண்டும்.

இராமானுஜன் பிறந்த டிசம்பர் 22-ஐத் தேசியக் கணித தினமாக 2012 முதல் நம் நாடு கொண்டாடி வருகிறது. அந்நாளில் நம் காலனியின் இல்லந்தோறும் பத்துப் புளியங்கொட்டைகளைப் பிள்ளைகள் முன் வைத்து, அவற்றை எத்தனை வகையாகக் குவிக்கலாம் என்று கேட்போமாக. நாற்பத்திரண்டையும் ஒரு பிள்ளை விடாமல் கண்டுவிட்டால், அடுத்துப் பதினொன்றைக் கேட்போம். கேள்வி நின்றுவிடாதிருப்பதே அம்மேதைக்கு நாம் செலுத்தும் சிறந்த வணக்கமாகும்.